படிக்காமல் அடித்த கடிதம்

அந்த டைப்ரைட்டிங் மாஸ்டரை இன்றைக்கு எதிரே பார்த்தாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன்.

கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் அவருடைய இன்ஸ்டிடியூட் இருந்தது. ஒன்பது மெஷின்கள். மாஸ்டர் கையில் ஸ்கேலோடு எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். யாராவது ஒரு நொடி தயங்கினால் போதும், மேஜையில் ஒரு தட்டு விழும். "என்ன, படிக்கிறியா? படிக்கவா இங்க வந்தே? கண்ணு தாள்ல இருக்கட்டும், கை மெஷின்ல இருக்கட்டும். நடுவுல மண்டை எதுக்கு? அர்த்தம் பாத்தா ஸ்பீடு போயிடும்!"

நானும் அப்படியே பழகினேன். இங்கிலீஷில் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை. ஹையர் பாஸ், அதுவும் முதல் வகுப்பு. அந்த வார்த்தைகள் ஒன்றோடொன்று சேர்ந்து என்ன சொல்கின்றன என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். பள்ளிக்கூடத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? டீச்சர் பாடத்தைத் தமிழில் கதையாகச் சொல்லிவிட்டு, இங்கிலீஷ் பதிலைப் போர்டில் எழுதிப் போடுவார். நாங்கள் நெட்டுருப் போட்டு ஒப்பிப்போம். சொந்தமாக ஒரு வாக்கியம், ஒரே ஒரு வாக்கியம், எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வண்டவாளம் தெரிந்திருக்கும், பள்ளிக்கூடத்துக்குப் பெயர் கெட்டிருக்கும். எல்லாருக்கும் சௌகரியமான ஏற்பாடு! நினைக்க நினைக்க வயிறு எரிகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணா என்னைக் கல்கத்தாவுக்கு அழைத்துக்கொண்டார். அவர் அங்கே ஒரு கம்பெனியில் ஸ்டெனோ. லேக் கார்டன்ஸில் இரண்டு அறை வீடு. அண்ணா, மன்னி, நான். அந்தக் காலத்தில் கல்கத்தா ஆபீஸ்களில் மதராஸி டைப்பிஸ்ட் என்றால் தனி மவுசு. வேகமாக அடிப்பார்கள், தப்பு வராது, வாயைத் திறக்க மாட்டார்கள். வந்த மூன்றாவது வாரமே டல்ஹௌசிப் பக்கம் ஒரு ஆபீஸில் எனக்கு வேலை கிடைத்துவிட்டது. இரும்புச் சாமான் செய்கிற சின்னக் கம்பெனி. தொழிற்சாலை ஹௌராவில் இருந்தது. ஆபீஸில் பத்துப் பேர்கூட இல்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜர். அந்தக் கண்ணாடிக்கு எதிரே நானும் என் மெஷினும். மூலையில் பலகை அடித்த கூண்டுக்குள் டெலிபோன் போர்டு. வெளியிலிருந்து வருகிற போனை எல்லாம் அந்தப் போர்டில் வாங்கி, யாருக்கு வந்ததோ அவருக்கு உள்ளே கொடுப்பவள் ஒரு வங்காளிப் பெண். என்னைவிட ஆறு மாதம்தான் பெரியவள். ஆனாலும் ஆபீஸ் வழக்கப்படி நானும் அவளை அக்கா என்று, அவர்கள் பாஷையில் தீதி என்று, கூப்பிட்டேன்.

மேனேஜருக்கு என்னை ரொம்பப் பிடித்துவிட்டது. வருகிறவர்களிடம் எல்லாம் என்னைக் காட்டி, "ஷி டஸ் நாட் ரீட். ஷி ஒன்லி டைப்ஸ்" என்பார். இவள் படிப்பதே கிடையாது, அடிப்பதோடு சரி என்று அர்த்தம். எந்த ரகசியக் கடிதத்தையும் என்னை நம்பித் தரலாமாம். வந்தவர்கள் சிரிப்பார்கள். என்னைப் புகழ்கிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். இன்னொன்றும் உண்டு. நான் அடித்ததை அவர் திருப்பிப் பார்க்க மாட்டார். இந்தப் பெண் அடித்தால் தப்பு இருக்காது என்று அப்படி ஒரு நம்பிக்கை. ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவார்.

ஒருநாள், ஒரு வாரம் லீவில் இருந்த கேஷியர் பாபு திரும்பி வந்தார். வயதானவர். மேனேஜர் ஒரு கடிதத்தைக் கையால் எழுதிக் கொடுத்து அடிக்கச் சொன்னார். அடித்தேன். அழகாக வந்திருந்தது, இரண்டு பக்கமும் மார்ஜின் நூல் பிடித்தாற்போல. கையெழுத்து வாங்கி நானே கொண்டுபோய்க் கேஷியர் மேஜையில் வைத்தேன். "குட் லெட்டர் சார். நோ மிஸ்டேக்" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

அவர் மனைவி இறந்துபோனதற்கு ஆபீஸ் எழுதிய துக்கக் கடிதம் அது.

தீதி கூண்டிலிருந்து வந்து என் கையைப் பிடித்துத் தரதரவென்று உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். எனக்குப் பாதி புரியவில்லை. புரிந்த பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. "ஐ நாட் நோ, ஐ நாட் நோ" என்றேன். அவள் நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். "நீ அடிக்கிறதைப் படிக்க மாட்டியா?" என்று கேட்டாள்.

"படிச்சாலும் புரியாது."

"தூர்!" என்றாள். சீ போ என்கிற மாதிரி அவர்கள் சொல்வது அது. ஆனால் கோபம் போய்விட்டிருந்தது. "நாளைலேர்ந்து டிபன் டப்பாவை எடுத்துண்டு இங்க வா" என்று ஹிந்தியில் சொன்னாள். அவள் காலேஜில் இங்கிலீஷ் படித்தவள். பரீட்சை எழுதும் முன்னாலேயே அப்பா போய்விட்டார். ஜாதவ்பூரில் அகதிகளாக வந்தவர்கள் கட்டிக்கொண்ட குடியிருப்பு ஒன்றில் அம்மா, பள்ளிக்கூடம் போகிற இரண்டு தம்பிகள். அந்த நாலு வயிறும் அந்த டெலிபோன் போர்டை நம்பித்தான் இருந்தன.

மறுநாளிலிருந்து கூண்டுக்குள் பாடம் நடந்தது. அவள் டப்பாவில் லூச்சி இருக்கும், மைதாவில் செய்கிற பூரி. என் டப்பாவில் தயிர்சாதம். ஒரு லூச்சியைத் தூக்கிக் காட்டி, "ஐ ஈட் லூச்சி" என்பாள். யார்? நான். என்ன செய்கிறேன்? சாப்பிடுகிறேன். எதை? லூச்சியை. எந்த வாக்கியம் வந்தாலும் இந்த மூன்று கேள்வியையும் கேட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். "உன் பாஷையிலயும் என் பாஷையிலயும் செய்யற காரியம் கடைசியிலதான் வரும். அதுவரைக்கும் வாயைப் பாத்துண்டு உக்காந்திருக்கணும். இங்கிலீஷ்காரனுக்கு அவசரம். ஆளைச் சொன்னதும் காரியத்தைச் சொல்லிடுவான்" என்றாள். இத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன், இதை ஒரு மனுஷர் சொல்லவில்லையே! எனக்கு வந்த ஆத்திரத்தில் தயிர்சாதத்தை மூடி வைத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் இரண்டு பேருமாகக் கரியாஹாட்டுக்குப் போய் நடைபாதைக் கடையில் ஒரு பழைய இலக்கணப் புத்தகம் வாங்கினோம். சின்னக் குழந்தைகளுக்கானது. அட்டை கிழிந்திருந்தது. முன்னால் வைத்திருந்த குழந்தை எல்லாப் படத்துக்கும் மீசை போட்டு வைத்திருந்தது. டிராமில் போகும்போதும் வரும்போதும் அதை மடியில் வைத்துப் படிப்பேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற பாபுமார்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தால், நானும் முறைத்துப் பார்ப்பேன். நேற்று நடந்தது, இன்று நடப்பது, நாளை நடக்கப்போவது, ஒருத்தர் செய்வது, பல பேர் செய்வது என்று ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிக்கொண்டு வா என்று தீதி சொன்னபோது நான் எழுதிய முதல் வாக்கியம் "ஐ ஆம் ஆங்கிரி" என்பது. கோபமாக இருக்கிறேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "யார்மேல?" என்றாள். சொல்ல ஆரம்பித்தால் லஞ்ச் டயம் போதாது என்றேன்.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்த சமயத்தில்தான் மேனேஜர் தீதியைக் கூப்பிட்டு ஒரு காரியம் சொன்னார். தொழிற்சாலையிலிருந்து யூனியன் ஆட்கள் போன் செய்தால், போர்டில் காதை வைத்து ஒட்டுக்கேட்டு அவரிடம் வந்து சொல்ல வேண்டும். அவள் முடியாது என்று சொல்லிவிட்டாள். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. "அது என் வேலை இல்லை சார்" என்று சொல்லிவிட்டு வந்து, என்னோடு உட்கார்ந்து லூச்சி சாப்பிட்டாள். நான்தான் டப்பாவைத் திறக்காமல் மேனேஜர் அறையையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைத் தட்டி, "போகா! அசடு! உன்னையா கேட்டான்?" என்றாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து மேனேஜர் ஒரு தாளை என் மேஜையில் போட்டார். அவர் கையெழுத்தில் ஒரு பக்கம். நாலு காப்பி, உடனே வேண்டும். நடுநடுவே ஒரு பெயர் வர வேண்டிய இடத்தில் கோடு இழுத்து விட்டிருந்தார். கரண்ட் போய் ஃபேன் நின்றிருந்தது. ஜன்னலிலிருந்து வந்த வெளிச்சத்துக்கு மெஷினை நகர்த்தி வைத்துக்கொண்டு அடித்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கொண்டுபோய்க் கொடுத்ததும், அடியில் விரலை வைத்து, "சைன் ஹியர். ஃபார் யுவர் ஃபைல்" என்றார். என் ஃபைலுக்காம். இன்க்ரிமெண்ட் சமாசாரம் என்று நினைத்தேன். நாலு காப்பியிலும் கையெழுத்துப் போட்டேன். "தேங்க் யூ சார்" வேறு!

கேட்பீர்கள், மூன்று மாதமாக இங்கிலீஷ் படித்தாயே, அதைப் படிக்க என்ன கேடு என்று. நானும் அதைத்தான் என்னையே கேட்டுக்கொள்கிறேன், இன்றுவரை. கூண்டுக்குள் புத்தகத்தோடு உட்கார்ந்தால் படிப்பேன். டிராமில் படிப்பேன். கடைப் போர்டுகளைப் படிப்பேன். மெஷின் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் மண்டையைக் கழற்றி ஹேண்ட்பேக்கில் வைத்துவிடுவேன். அந்த ஸ்கேல் என் முதுகுக்குப் பின்னால் கல்கத்தா வரைக்கும் வந்திருந்தது. அது எனக்குத் தெரியவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு மத்தியானம் தீதி என் மேஜைக்கு வந்தாள். கையில் இரண்டு தாள். ஒன்று அவள்மேல் கம்பெனி போட்டிருக்கும் குற்றச்சாட்டு. இன்னொன்று அதோடு இணைத்திருக்கும் சாட்சி. சாட்சியை என் முன்னால் வைத்தாள்.

"படி" என்றாள். "நான் சொல்லிக்கொடுத்த மாதிரி படி."

விரலை வைத்துப் படித்தேன். முதல் வார்த்தையே நான். யார்? நான். என்ன செய்தேன்? கேட்டேன். எதைக் கேட்டேன்? கம்பெனி ரகசியங்களை இவள் வெளியாட்களுக்குப் போனில் சொல்வதைக் கேட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. யாரிடமும் சொல்லாதே என்று அவள் என்னிடம் கெஞ்சினாளாம். கோடு இழுத்திருந்த இடத்தில் எல்லாம் இப்போது மசியில் அவள் பெயர். கீழே என் கையெழுத்து, சுழித்துச் சுழித்து, அழகாக.

படித்து முடித்துத் தலையைத் தூக்கினேன். தீதி தாளை எடுத்து மடித்தாள். "இப்போ நல்லாப் படிக்கறே" என்று சொல்லிவிட்டுக் கூண்டுக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டாள். நான் சாப்பிடவில்லை.

வீட்டுக்கு வந்து அண்ணாவிடம் சொன்னேன். ஸ்டெனோ ஆயிற்றே, வழி சொல்வார் என்று நினைத்தேன். அவர் காபி டம்ளரை ணங்கென்று வைத்தார். "டைப் அடிச்சோமா, சம்பளத்தை வாங்கினோமா, ஆத்துக்கு வந்தோமான்னு இருக்கத் தெரியாதா நோக்கு? அவா சண்டை, அவா ஊரு. நடுவுல நீ யாருடி?"

"அதுல இருக்கறது பொய் அண்ணா. என் பேர்ல பொய்."

"எழுதினது அவர். நீ அடிச்சே, அவ்வளவுதான். எங்க ஆபீஸ்ல நான் நாள் பூரா எழுதறேனே, அதெல்லாம் நானா சொல்றேன்?" டம்ளரை மறுபடி எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு, "சரி, விசாரணையில கூப்பிட்டா, எனக்கு ஞாபகமில்லைன்னு நாசூக்கா நாலு வரி நான் ட்ராஃப்ட் பண்ணித் தரேன். மனப்பாடம் பண்ணிக்கோ" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ! "ஒண்ணும் வேண்டாம். ஒப்பிச்சு ஒப்பிச்சுத்தான் இந்த லட்சணத்துல நிக்கறேன். என் வாக்கியத்தை நானே சொல்லிக்கறேன்" என்று கத்திவிட்டேன். அண்ணாவிடம் அதுவரைக்கும் நான் குரலை உயர்த்தியது இல்லை. மன்னி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அந்தப் பொண்ணுக்கு வேலை போயிடுமா?" என்று மட்டும் கேட்டாள். போய்விடும் என்றேன். "அப்போ சொல்லத்தான் வேணும்" என்று அண்ணாவுக்குக் கேட்கும்படியாகவே சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

விசாரணை அன்றைக்கு டிராமில் போகும்போது ஐந்து வாக்கியம் தயார் செய்தேன். சின்னக் குழந்தை எழுதுகிற மாதிரிதான் வந்தது. பெரிய வாக்கியம் கட்ட எனக்கு வராது. ஒவ்வொன்றிலும் யார், என்ன, எதை என்று பார்த்துக்கொண்டேன். பொய் எதுவும் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

விசாரணை மேனேஜர் அறையிலேயே நடந்தது. விசாரிக்க வந்தவர் மேனேஜருக்குத் தெரிந்த ஒரு வக்கீல். எதிரே தீதி, தனியாக. சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். வக்கீல் என் முன்னால் தாளை நீட்டி, இது உன் கையெழுத்தா, ஆம் இல்லை என்று மட்டும் சொல் என்றார்.

"எஸ்" என்றேன். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் உட்காரவில்லை. ஐந்தையும் சொன்னேன். "ஐ டைப்ட் திஸ். ஐ டிட் நாட் ரீட் இட். தி மேனேஜர் ரோட் இட். ஐ சைன்ட். ஐ ஹெர்ட் நத்திங்." இதை அடித்தது நான், படிக்கவில்லை, எழுதியது மேனேஜர், கையெழுத்துப் போட்டேன், எதையும் நான் கேட்கவில்லை.

மேனேஜர் என்னை ஒரு புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு சிரித்தார். "பாவம், பயந்துவிட்டாள். இங்கிலீஷ் தெரியாது" என்று வக்கீலிடம் சொன்னார். வக்கீல் பேனாவை மூடியே வைத்திருந்தார். நான் பேசியதில் ஒரு எழுத்தைக்கூட அவர் எழுதவில்லை. தீதி என் பக்கம் திரும்பவே இல்லை.

இனிமேல்தான் மேனேஜருடைய கொழுப்பைச் சொல்ல வேண்டும். வக்கீல் கையால் எழுதிய விசாரணைக் குறிப்பை டைப் அடிக்க வேண்டுமே, ஆபீஸில் டைப்பிஸ்ட் வேறு யார்? அதைக் கொண்டுவந்து என் மேஜையிலேயே போட்டார்! நாலு காப்பி, வக்கீலுக்கு அவசரம், கார் காத்திருக்கிறது. சற்றுமுன் அவர் எதிரே நின்று பேசியவள் நான். அடுத்த நிமிஷம் அது அவருக்கு மறந்துபோய்விட்டது. மெஷின் முன்னால் உட்கார்ந்ததும் நான் மெஷின்தான்.

தாள்களையும் கார்பனையும் அடுக்கிச் சொருகினேன். கையைச் சாவிகளில் வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். முதல் வரியிலிருந்து படித்தேன். அந்த ஆபீஸில், அடிப்பதற்கு முன்னால் நான் படித்த முதல் தாள் அது. மெதுவாகத்தான் முடிந்தது. சாட்சி தன் கையெழுத்தை ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. சரி. அதற்கடுத்து, அதில் உள்ளவை எல்லாம் உண்மை என்றும் ஒப்புக்கொண்டார் என்று இருந்தது. அடப்பாவி! வாயைத் திறந்து ஐந்து வாக்கியம் சொன்னேனே, காதில் என்ன அடைத்துக்கொண்டா உட்கார்ந்திருந்தாய்?

மெஷின் சத்தம் கேட்காததால் மேனேஜர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்து பார்த்தார். "வாட் ஹேப்பண்ட்?" என்று கேட்டார்.

"ரிப்பன், சார்" என்றேன்.

பிறகு அடித்தேன். வக்கீல் எழுதியதை எல்லாம் அப்படியே அடித்தேன், கமா முற்றுப்புள்ளி சகிதம். அந்த ஒரு வரி வந்ததும் அதை விட்டுவிட்டேன். அந்த இடத்தில் நான் சொன்ன ஐந்து வாக்கியத்தை அடித்தேன். ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். என் ஸ்பீடு போயே போய்விட்டது. போகட்டும், சனியன்!

கொண்டுபோய் வைத்தேன். மேனேஜர் போனில் யாருடனோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். காது போனில், கை தாளில். நாலு காப்பியிலும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். வக்கீல் நின்றுகொண்டே போட்டார். என் முறைக்கு நான் போட்டேன். கடைசியில் தீதி. அவள் மட்டும் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தாள். ஓரிடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. அவள் முகத்தில் எதுவும் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டாள். தனக்கான காப்பியை எடுத்து மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துத் தீதி சார்பில் யூனியன் வக்கீலிடமிருந்து மேனேஜருக்குக் கடிதம் வந்தது. உங்கள் ஒரே சாட்சி, உங்கள் கையெழுத்துள்ள தாளிலேயே இப்படிச் சொல்லியிருக்கிறாரே என்று என் ஐந்து வாக்கியத்தையும் எடுத்துப் போட்டிருந்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். முகம் சிவந்து போயிருந்தது. மாற்றிவிட்டாய், ஏமாற்றிவிட்டாய் என்று குதித்தார்.

"நான் மாத்தலை சார். நான் சொன்னதைத்தான் அடிச்சேன்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் நிற்கவில்லை. "யூ டிட் நாட் ரீட், சார்" என்றேன். படிக்காதது நீங்கள்.

தீதிமேல் போட்ட குற்றச்சாட்டைக் கம்பெனி வாபஸ் வாங்கிக்கொண்டது. அவள் போர்டு அவளுக்கே இருந்தது. அதற்குப் பிறகும் அவள் என்னோடு பேசவில்லை. கூண்டின் கதவு எனக்குத் திறக்கவில்லை. அதில் எனக்குக் கோபம் வந்தது, வராமல் என்ன? ஆனால் அதை அவள்மேல் காட்ட எனக்கு யோக்கியதை இல்லை. மூன்று மாதம் பக்கத்தில் உட்கார்த்திச் சோற்றோடு சேர்த்துப் படிப்பு போட்டவளை, ஐந்து நிமிஷத்தில் டைப் அடித்துக் காட்டிக்கொடுத்தவள் நான்தானே. டப்பாவை மேஜையிலேயே பிரித்துத் தனியாகச் சாப்பிட்டேன்.

மாதக் கடைசியில் மேனேஜர் என்னை உள்ளே கூப்பிட்டார். மேஜையில் ஒரு கடிதம் இருந்தது. பக்கத்து ஆபீஸ் டைப்பிஸ்டை வைத்து அடித்திருக்கிறார். மார்ஜின் கோணல்மாணலாக இருந்தது. என் வேலை போய்விட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. வாங்கிக்கொண்டதற்கு அத்தாட்சியாக அடியில் விரலை வைத்து, "சைன் ஹியர்" என்றார். அதே விரல், அதே இடம்.

"படிச்சுட்டுப் போடறேன்" என்றேன்.

எதிரே இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. கடிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வாய்விட்டுப் படித்தேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் நின்றேன். யார்? என்ன செய்தார்? யாரை? புரியாத வார்த்தை வந்தால் திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். வெளியே ஒருத்தர் பின் ஒருத்தராக வேலையை நிறுத்தினார்கள். கேஷியர் பாபு கதவருகில் வந்து நின்றுகொண்டார். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். பம்பாயிலிருந்து முக்கியமான போன் வரும் என்று காலையிலிருந்து அவர் காத்துக்கொண்டிருந்தது ஆபீஸுக்கே தெரியும். அதைச் சாக்காக வைத்து என்னை எழுப்பிவிடலாம் என்று டெலிபோனையே முறைத்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். "ஹலோ, ஹலோ" என்றார். போர்டிலிருந்து பதில் வரவில்லை. வைத்துவிட்டார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கூண்டின் கதவு திறந்திருந்தது. போர்டில், வெளியிலிருந்து போன் வந்தால் எரிகிற சின்ன விளக்குகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எரிந்துகொண்டிருந்தன. தீதி கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

திரும்பவும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். கால் மணி நேரம் ஆகியிருக்கும். நான் படித்து முடிக்கும்வரை மேனேஜர் அறைக்கு ஒரு போன்கூட வரவில்லை.